சிலிக்கன் டேப்: மலைச்சரிவுத் தண்ணீருக்கு எவ்வளவு தாங்கும்?

கடந்த ஜூன் மாதம் மழை விடாமல் பெய்த ஓர் இரவில், ஹட்டனுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டின் பின்பக்க மண் சற்று இறங்கியதில், குசினிக்கு வரும் முக்கால் அங்குல பிவிசி பைப் நீளவாக்கில் வெடித்துவிட்டது. மறுநாள் மாலைக்கு முன் வர இயலாது என்று பிளம்பர் சொல்லிவிட்டதால், எப்போதோ வாங்கி அலுமாரியில் போட்டு மறந்திருந்த சிலிக்கன் டேப்பை எடுத்துப் பிரித்தேன்.

25 மில்லிமீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமும் கொண்ட இந்தச் சுருளில் பசை எதுவும் இல்லை. இழுத்துச் சுற்றும்போது டேப் தன்மீதே ஒட்டி, சிறிது நேரத்தில் ஒரே ரப்பராகிவிடுகிறது. "தண்ணீரை நிறுத்தாமலே சுற்றலாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பியதுதான் நான் செய்த முதல் பிழை. எங்கள் தண்ணீர்த் தாங்கி வீட்டுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் மேலே, சரிவில் இருக்கிறது. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்ற கணக்கில், பைப்பில் 2 பார் அழுத்தம் இருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்குள் தண்ணீர் இடையில் புகுந்து, டேப் தவளையின் தொண்டைபோல உப்பி, வழுக்கிக்கொண்டு போனது. அரை மீற்றர் வீண்.

ஆகவே முதலில் தண்ணீரை அடைக்க வேண்டியிருந்தது. சுவர் பிளக் வரை ஈரம் ஏறியிருந்ததால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டோரத்துக் கேட் வால்வைத் திருப்பினேன். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் அது அசையவில்லை. ஸ்பேனரால் முறுக்கினால் தண்டு முறிந்துவிடும் என்பதால், வலமும் இடமுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்த்தேன். திரும்பியது, ஆனால் முழுவதும் மூடவில்லை. டோர்ச்சோடு மழையில் மேலேறித் தாங்கியின் வாயிலிருந்த வால்வை மூடி, கீழே இருந்த குழாயைத் திறந்து பைப்பில் எஞ்சிய தண்ணீரையும் வடியவிட்டேன்.

பிறகு டேப் தன் வேலையைச் செய்தது. பைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்து, வெடிப்புக்கு மூன்று அங்குலம் முன்பே தொடங்கி, டேப்பை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு மூன்று அடுக்கு சுற்றினேன். அரை மணி நேரம் கழித்து வால்வை மெதுவாகத் திறந்தபோது ஒரு துளியும் கசியவில்லை. மறுநாள் மதியத்துக்குப் பிறகுதான் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. மாலையில் வந்த பிளம்பர் வெடித்த துண்டை வெட்டியெடுத்து, இரு சொக்கெட்டுகளுடன் புதுத் துண்டைப் பொருத்தினார். குளிரில் பிவிசி கம் இறுகுவதற்கு நேரம் எடுக்கும் என்று இரவு முழுவதும் தண்ணீரைத் திறக்கவும் விடவில்லை.

நேரான பைப்புக்கு இது நல்ல பொருள். எல்போ, டீ போன்ற இணைப்புகளில் இடைவெளியின்றிச் சுற்றுவது கடினம். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்குவது நேரான பைப்பில் இதைவிட உறுதியானது என்பது என் கருத்து; செலவும் குறைவு. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அடுத்த முறை அதே கடைக்குப் போனபோது நான் வாங்கியது டேப் அல்ல, அந்தக் கேட் வால்வுக்குப் பதிலாகப் பூட்டுவதற்கு, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினாலே மூடிக்கொள்ளும் ஒரு பால் வால்வு.