எப்சன் வி600: பரண் பெட்டிப் படங்களுக்கு இந்த ஸ்கேனர் தேவையா?

பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டியில் எல்லாப் படமும் ஒரே ரகமாக இருக்காது. ஸ்டூடியோ பெயர் அழுத்திய கெட்டி அட்டையில் ஒட்டிய கருப்பு வெள்ளைப் படம், கிளிக் த்ரீ கேமராவில் எடுத்த சதுரப் படங்கள், வழுவழுப்பில்லாத சில்க் தாளில் போட்ட கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் அளவில் நாலைந்து முகங்கள், உறைக்குள் சுருண்டு கிடக்கும் நெகட்டிவ். பெட்டியில் இல்லாதது சுவரில் தொங்கும், சந்தனமும் குங்குமமும் வைத்த கண்ணாடிச் சட்டத்தில். எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600ஐ இவற்றை வைத்துத்தான் எடை போட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண்ணை வைத்து அல்ல.

முதலில், மலிவான ஸ்கேனர்கள் இருக்க இதற்கு எதற்குக் கூடுதல் விலை? வி600 சிசிடி வகை. உள்ளே லென்ஸ் இருப்பதால் கண்ணாடிக்குச் சற்று மேலே இருக்கும் பொருளும் தெளிவாக விழும். மலிவான கேனான் லைட் 300, எப்சன் வி39 எல்லாம் சிஐஎஸ் வகை. சென்சார் கண்ணாடியை ஒட்டியே ஊர்ந்து போகும். தட்டையான படத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. படம் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே சிஐஎஸ்ஸில் முகம் மங்கிவிடும். அட்டை வளைந்த பழைய ஸ்டூடியோ படங்களில் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம்தான் சரியான சோதனை. மழைக்கால ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைக்கும் வேலையும் வேண்டாம். பின்பக்க ஆணிகளைக் கழற்றி மரச்சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியும் படமுமாக அப்படியே ஸ்கேனர் மேல் வையுங்கள். பொட்டைத் துடைக்கும்போது ஈரத்தைத் துணியில்தான் தொட வேண்டும். கண்ணாடி மேல் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். பொட்டைத் துடைக்கும் முன் வீட்டாரைக் கேட்டுக்கொள்வதும் நல்லது. வி600 அந்தக் கண்ணாடித் தடிமனைத் தாண்டிப் படத்தைப் பிடிக்கும். இரண்டு கண்ணாடி உரசும் இடத்தில் வானவில் வளையங்கள் தெரிந்தால் நான்கு மூலையிலும் மெல்லிய தாள் துண்டு வைத்துச் சற்றே உயர்த்துங்கள்.

சுவரை விட்டு இறக்கவே விடமாட்டார்கள் என்றால் போனில் கூகுள் ஃபோட்டோஸ்கேன் போதும். நான்கு புள்ளிகளைத் தொட்டு எடுத்த படங்களைச் சேர்த்துக் கண்ணாடிப் பளபளப்பை நீக்கும். இலவசம். நெருங்கிப் பார்த்தால் முகம் கொஞ்சம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். அடையாளம் கேட்க அது தடையில்லை.

அமைப்புகளுக்கு வருவோம். எப்சன் ஸ்கேன் மென்பொருளில் புரொஃபெஷனல் பயன்முறை, நார்மல் முன்னோட்டம். தம்ப்நெயில் முன்னோட்டத்தை விட்டுவிடுங்கள், அது ஓரத்தை வெட்டிவிடும். சிலசமயம் பெயரே அந்த ஓரத்தில்தான் இருக்கும். கூர்மையாக்கல், நிற மீட்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவற்றைப் பிறகு பிரதியில் செய்யலாம். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, 24 பிட் கலர், டிஃப் (தரம் குறையாத கோப்பு வகை): ஒரு கோப்பு சுமார் 26 எம்பி. பாஸ்போர்ட் படத்துக்கும் சின்னச் சதுரப் படத்துக்கும் 1200. நெகட்டிவுக்கு 2400 போதும். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும், விவரம் கூடாது.

கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏன் என்றால், கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக, அதாவது சேனலாக, பதிவாகும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அழுத்தமாகவும் சிவப்புச் சேனலில் ஏறக்குறைய இல்லாமலும் விழும். சிவப்பை மட்டும் தனியே எடுத்தால் பாதிக் கறை தானாகப் போய்விடும். இதே வித்தை பின்பக்க எழுத்துக்கும் உதவும். வெளுத்த நீல மை சிவப்புச் சேனலில் கருத்துத் தெரியும். ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப்பை வாசிக்கப் பச்சைச் சேனல். கிரேஸ்கேலில் எடுத்துவிட்டால் இந்த வழியெல்லாம் அடைபட்டுவிடும்.

சில்க் தாள் படங்களில் மேடு ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஒருமுறை நேராக, ஒருமுறை 180 டிகிரி திருப்பி என இரண்டு ஸ்கேன் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் புள்ளிகள் வெகுவாக அடங்கும். ஒட்டும் பசைப் பக்கமுள்ள ஆல்பத்தில் படத்தை நிமிண்டாதீர்கள். பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல் மெல்ல நகர்த்துங்கள். வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். எந்த ஆல்பமானாலும் கழற்றும் முன் முழுப் பக்கத்தை ஒருமுறை எடுத்துவைப்பது கட்டாயம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதே பாதித் தேதி.

நெகட்டிவ் இருந்தால் வி600க்குப் போட்டியாக வீட்டு விலையில் அதிகம் இல்லை. 35 எம்எம் பட்டை, அதைவிட அகலமான 120 ஃபிலிம் இரண்டையும் எடுக்கும். கண்ணாடியின் தலைப்பக்கம் இருக்கும் அளவுதிருத்தப் பகுதியை ஃபிலிமோ அதை மாட்டும் ஹோல்டரோ மறைக்கக் கூடாது. மறைத்தால் படம் நெடுகக் கோடு விழும். டிஜிட்டல் ஐஸ் என்ற தூசு நீக்கும் வசதி கலர் நெகட்டிவுக்கு அருமை. வெள்ளி உள்ள கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதைப் போடவே கூடாது: அகச்சிவப்புக் கதிரை வெள்ளி மறித்துவிடுவதால் படத்தையே தூசு என்று எடுத்துக்கொண்டு முகத்தைக் குதறும்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், புடவை முந்தானை மூன்றும் சொல்லிவிடும். வழக்கமான கட்டில் முந்தானை இடது தோளில் விழும். மடிசார் என்றால் அவசரப்பட வேண்டாம், அதில் தோள் மாறலாம்.

இவ்வளவும் செய்தபின்தான் ஸ்கேனரின் உண்மையான பலன். பெரிய திரையில் விரித்துக் காட்டும்போது, ஐந்து வருடமாக ‘தெரியலையே’ என்ற அத்தைக்கு மூக்குத்தியோ திண்ணைத் தூணோ ஞாபகத்தைக் கிளப்பும். ‘இது யாரு?’ என்று தொடங்காதீர்கள். தெரியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள். ‘இது எந்த வீடு அத்தை? கிணறு எந்தப் பக்கம்?’ என்று ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழும் முன் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு.

உறவுப் பெயரை மட்டும் குறித்துவைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ‘சின்ன மாமா’ என்றால் யாருக்கு மாமா? சொன்னவர் பெயர் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் சொல். வீட்டில் கூப்பிட்ட பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கும், இரண்டும் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் குடும்பத்தில் ஒரே சுப்பையா இரண்டு தலைமுறைக்கொருமுறை வருவார், இனிஷியல் பிரித்துக்காட்டினால் உண்டு, சிலசமயம் அதுவும் ஒன்றாகவே இருக்கும்.

தேதிக்குப் பின்பக்கத்தைத் துருவுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. ‘மெட்ராஸ்-4’ என்று பழைய அஞ்சல் வட்டார எண் மட்டும் இருந்தால் முந்தியதாக இருக்கலாம். பழைய முத்திரையைத் தேயும்வரை குத்தியவர்களும் உண்டு. தாளின் பின்னால் ‘இந்து’ (INDU) என்ற குறி தெரிந்தால் அது ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தாள். அந்த நிறுவனமே 1960இல்தான் தொடங்கியது. ஆனால் தாளின் வயது பிரதியின் வயதுதான், படம் பிடித்த வருடம் அதற்கு வெகு முன்னால் இருக்கலாம். படத்தில் கடைப் பலகை இருந்தால் எழுத்தைப் பாருங்கள்: தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’ 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழக்கம். பலகைகள் அதற்குப் பிறகும் பல வருடம் அப்படியே தொங்கின.

பின்னால் கண்ணாடி வைத்துப் பூ ஜடை தெரிய எடுத்த பெண்ணின் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். சடங்கா வளைகாப்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் முதல் பிள்ளையின் பிறந்த வருடத்தோடோ அவர் வயதோடோ ஒட்டித் தேதி சொல்லிவிடலாம்.

கோப்புப் பெயரில் ஆல்பம், பக்கம், படம் என்ற வரிசை போதும்: ஆ3-ப12-2 முன், ஆ3-ப12-2 பின். பெயர்களை டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே படத்துக்குள் பதிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு அழிந்து, அளவும் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் சுற்ற ஒரு பிரதியில் மட்டும் கீழே வெள்ளைப் பட்டை சேர்த்துப் பெயர்களை எழுதிவிடுங்கள்.

ஆக, யாருக்கு வி600? நெகட்டிவ் இருப்பவர்களுக்கும், கண்ணாடியில் ஒட்டிய படங்களும் வளைந்த அட்டைகளும் இருப்பவர்களுக்கும். வெறும் தட்டையான படங்கள் நூறு இருநூறு என்றால் லைட் 300 வாங்கிவிட்டு, மிச்சக் காசில் ஊருக்குப் போய் வயதான பெரியம்மாவைப் பார்த்துவாருங்கள். வி600ஐப் பழையதாக வாங்குவதென்றால் 35 எம்எம், 120 ஹோல்டர் இரண்டும், மூடிக்குள் இருக்கும் வெள்ளை அட்டையும், பவர் அடாப்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி விளக்கு எரிகிறதா என்று ஒரு நெகட்டிவ் வைத்துச் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.