எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு ஏற்ற பி.பி. மீட்டர் எது?

கருவில் வளர்ச்சி தடைபட்டு 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்களின் சிறுநீரகத்தில் நெஃப்ரான் எனும் வடிகட்டிகள் குறைவாக இருக்கக்கூடும். பிறந்த பின் அவை பெருகுவதில்லை. வளர்ந்தபின் ரத்த அழுத்தம் ஏற இதுவும் ஒரு காரணம். அறிகுறி தெரியாது என்பதால் வீட்டில் ஒரு மீட்டர் இருப்பது நல்லது.

மணிக்கட்டு ரகம் வேண்டாம். கை இதய மட்டத்துக்குக் கீழே இறங்கினாலே அளவு கூடிவிடும். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மீட்டரே நம்பகம். ஆனால் உடன் வரும் பட்டை பெரும்பாலும் 22–32 செ.மீ. சுற்றளவுக்குத்தான். பருத்த கையில் அது இல்லாத பி.பி.யைக் காட்டும். பெரிய பட்டையைத் தனியே காசு கொடுத்து வாங்க வைப்பது எரிச்சல்தான்.

5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், 1 நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். சராசரி 135/85ஐத் தொட்டால் மருத்துவரிடம் பிறப்பு எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.