முல்லைத்தீவா மன்னாரா: எந்த மாதத்துக்கு எந்தக் கடற்கரை

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற சனம் வானில் ஏறியதும் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இங்கே நல்ல பீச் எது?" எந்த மாதம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஓகஸ்டில் சின்னப் பிள்ளையை நம்பி இறக்கிவிடுகிற அதே கரை டிசம்பரில் நீந்தத் தெரிந்த ஆளையே இழுத்துக்கொண்டு போகும். யூடியூப்பில் ட்ரோன் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லாக் கடலும் நீலம், எல்லா மணலும் வெள்ளை.

அதனால் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற கரைகளைப் பற்றி மனதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். யாரும் காசு தந்து எழுதச் சொல்லவில்லை.

முதலில் மச்சானின் கதை. ரொறன்ரோவில் இருக்கிறான், அங்கே பனி கொட்டுகிற நாட்களில் குடும்பத்தோடு பார்படோஸ் தீவுக்குப் போய்வருகிற ஆள். முழுத் தீவும் 430 சதுர கிலோமீட்டர்தான், எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு வரும். அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே கரைக்குக் கரை கடலின் குணம் வேறு. மேற்குப் பக்கம் கரிபியன் கடல், அலை குறைவு, பணக்கார ஹோட்டல்கள் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. கிழக்குப் பக்கம் அத்திலாந்திக் நேரே வந்து அடிக்கிறது. பத்ஷீபா என்ற இடத்துக்கு அலைச்சறுக்குக்காரர் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், குளிக்க ஆசைப்படுகிறவர்கள் பாறைகளுக்கு நடுவே தேங்கியிருக்கிற தண்ணீரில் உட்கார்ந்து எழும்புவதோடு சரி. தென்கிழக்கில் கிரேன் கடற்கரை படம் எடுக்க அழகு, ஆனால் அங்கேயும் அலை உண்டு. பிள்ளைகளோடு போனால் பிரிட்ஜ்டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற கார்லைல் குடாவைத்தான் அவன் தெரிவு செய்வான், கடலாமைகளோடு நீந்தலாம், மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பல்களைப் பார்க்க அதிக தூரம் போகவும் தேவையில்லை. 2011க்குப் பிறகு சர்காசம் என்கிற பழுப்புப் பாசி வந்து குவிந்து நாறத் தொடங்கிவிட்டது, அதுவும் கிழக்கிலும் தெற்கிலும்தான் கூடுதல். ஒரு நல்ல விஷயம், கரை எல்லாமே பொதுச் சொத்து, எவ்வளவு பெரிய ஹோட்டலுக்கு முன்னாலும் துவாயை விரித்துப் படுக்கலாம். ஒரு கெட்ட விஷயம், கரையோரம் மஞ்சினீல் என்று ஒரு மரம் நிற்கும், பச்சை அப்பிளை ஒத்த காய், தின்றால் நஞ்சு, மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரே தோலைப் பொசுக்கிவிடும். அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசி எச்சரித்து வைத்திருப்பார்களாம். எங்கள் கரையில் தாழையும் அடம்பன் கொடியும்தான், நல்லகாலம்.

ஆனால் ஒன்று, அங்கே காற்று வருடம் முழுக்க ஏறக்குறைய கிழக்கிலிருந்தே வரும். மேற்குக் கரை அமைதி, கிழக்குக் கரை முரடு என்று ஒருக்கால் தெரிந்துகொண்டால் போதும். இங்கே அந்தக் கணக்குச் சரிவராது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. அப்போது கிழக்கே பார்த்திருக்கிற முல்லைத்தீவுக் கரைக்கு முழு நிலமும் மறைப்பாக இருக்கும். ஒக்டோபர் கடைசியில் காற்றுத் திரும்பி, வடகிழக்கிலிருந்து வாடை பிடித்தால் வங்காள விரிகுடா எங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், மாசி வரைக்கும் அதை நம்ப முடியாது. டிசம்பர்தானே பார்படோஸில் நல்ல காலம் என்ற நினைப்பில் மச்சான் ஒருமுறை டிசம்பரில் வந்து, குளிக்கிற உடுப்போடு முல்லைத்தீவுக்கு வெளிக்கிட்டவன், கரையில் நின்று அலையைப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துத் திரும்பினான்.

சரி, கரைகளுக்கு வருவோம். முல்லைத்தீவு நகரக் கரை எல்லோருக்கும் தெரிந்தது, மாங்குளத்தில் திரும்பினால் ஏ34 வீதியில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை வந்தால் வவுனியாச் சனம் வான் வானாக வந்து இறங்கும், அவர்களுக்குச் சொந்தமாகக் கடல் இல்லையே. மணல் நல்ல அகலம், துப்புரவு ஆட்களைப் பொறுத்தது. நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சோளகக் காலத்தில் காலை பத்து மணிக்குள் குளித்து முடியுங்கள், அதற்குப் பிறகு நிலத்துப் பக்கமிருந்து காற்று ஏறி மணல் பறக்கும், கட்டிக்கொண்டு வந்த சோற்றை நறநறவென்றுதான் சாப்பிட வேண்டிவரும்.

இங்கே குளிப்பை விடவும் பெறுமதியானது கரைவலை. விடியவே வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்டு, கயிற்றின் இரண்டு முனைகளையும் கரையில் தூரத் தூர வைத்து இழுப்பார்கள். ஒரு காலத்தில் முப்பது நாற்பது பேர் பாட்டுப் பாடி இழுத்த கயிற்றை இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிச் சுற்றி எடுக்கிறார்கள். அது கூடாது என்று ஒரு பக்கம், இழுக்க ஆள் எங்கே என்று மறுபக்கம், நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. உங்களுக்கு வேண்டியது இதுதான்: அந்தக் கயிற்றைத் தாண்டாதீர்கள். ஈரக் கயிறு மணலோடு மணலாகத் தளர்ந்து கிடக்கும், ஒன்றுமில்லை என்று கால் வைக்கிற நேரம் வின்ச் இழுத்தால் சடாரென்று முழங்கால் உயரத்துக்கு விறைத்து எழும்பும், அதிலிருந்து தண்ணீர் தூவானமாகத் தெறிக்கும். இரண்டு கயிறுகளுக்கும் நடுவே கடலில் இறங்குவதும் கூடாது, வலை உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு ஏறியதும் காகம் எல்லாம் வந்துவிடும். சூடையும் நெத்தலியும் மணலில் துள்ள, நடுவே நாலு பாரை கிடந்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குச் சந்தோஷம். ஏலம் கூறி விற்கிற இடத்தில் ஒதுங்கி நின்று கேளுங்கள், முடிந்ததும் விலை கேட்டால் சந்தையை விடக் குறையவும் கிடைக்கும், உங்கள் கனடாச் சப்பாத்தைப் பார்த்துக் கூடவும் சொல்லுவார்கள். போனைத் தூக்கிக்கொண்டு மீனுக்கு மேலே போய் நிற்க வேண்டாம், அவர்களுக்கு அது வேலைநேரம்.

நகரத்திலிருந்து தெற்கே போனால் சிலாவத்தை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு, உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கத் தீர்த்தம் எடுக்கிற தீர்த்தக்கரை இங்கேதான். வைகாசியில் தீர்த்தம் எடுக்கிற திங்கட்கிழமை குளிக்கப் போகிறேன் என்று நிற்காதீர்கள், தரிசனத்துக்குப் போங்கள், அது வேறு அனுபவம். மற்ற நாட்களில் சிலாவத்தை நகரக் கரையை விட ஆள் குறைவு.

என் தெரிவு அளம்பில், அதற்குக் கீழே செம்மலை. தென்னையும் பனையும் கரைக்குக் கிட்ட வரும், மீன்வாடிகள் இருக்கும், சத்தம் இல்லை, தண்ணீர் தெளிவு. 10க்கு 8 கொடுப்பேன், இரண்டைக் குறைப்பதற்குக் காரணம் கரையின் சரிவு. இரண்டு அடி வைத்தால் இடுப்பு, நாலாவது அடிக்கு நிலம் எட்டாது. கிழக்குக் கரையில் பல இடமும் இப்படித்தான், மச்சானின் கார்லைல் குடாவைப் போல நடந்து நடந்து போகலாம் என்று நினைக்கக் கூடாது. பிள்ளைகள் என்றால் கை எட்டுகிற தூரத்தில் ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும். உயிர்காப்பாளர் வருவார் என்று நம்பி இறங்குகிற கடல் அல்ல இது.

நாயாறு. பாலத்தில் வானை நிறுத்திப் படம் எடுக்காத ஆள் இல்லை, எடுங்கள், அருமையான இடம். தொடுவாயில் இறங்க மட்டும் வேண்டாம். களப்புத் தண்ணீர் கடலுக்கு வெளிக்கிடுகிற இடத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கே முழுதாகத் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள், எந்தக் கரைக்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால், பெடியள் அதைத்தான் நல்ல இடம் என்று நினைத்து இறங்குவார்கள். அது வெளியே இழுக்கிற ஓட்டம். அதற்குள் மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

கொக்கிளாய் வரை போகிறவர்கள் செருப்போடு போங்கள். புல்மோட்டைப் பக்கத்து இல்மனைட் என்கிற கனிம மணல் இங்கேயும் கலந்து கிடப்பதால் மணல் கறுப்பு, மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. குளிக்க இதைவிட நல்ல கரை இருக்கிறது.

வட்டுவாகல் பக்கம் கடற்படை முகாம், கரையோரமாக நடந்து போகிற எண்ணம் வேண்டாம். பாலத்தடியில் நந்திக்கடல் களப்பில் வீச்சுவலை போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், இறால் பிடிபட்டால் வாங்கலாம். முள்ளிவாய்க்காலுக்கும் சிலர் கேட்பார்கள். கூட்டிக்கொண்டு போவேன், நினைவிடத்தில் இறங்குவார்கள், நிற்பார்கள், திரும்புவோம். அந்தக் கரைக்கு நான் புள்ளி போடுவதில்லை, அங்கே குளிக்க வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

சுண்டிக்குளம் பறவைக்குத்தான். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது, வாடைக் காலத்தில் பூநாரை வரும். குளிப்பு உடுப்பை வீட்டில் விட்டுவிட்டுத் தொலைநோக்கி கொண்டுபோங்கள்.

அப்படியென்றால் டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் என்ன செய்வது? மேற்கே போங்கள். பூநகரிக்குக் கீழே வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கம் கடல் ஆழம் குறைவு, சேறும் பாசியும் கூட, கடலட்டைப் பண்ணைகள் வேறு, குளிக்கிற ஆசை அடங்காது. மன்னார்தான் சரி. மன்னார்த் தீவு ஒடுங்கலானது, வடகடலும் தென்கடலும் சின்ன ஓட்டத் தூரத்தில். வாடைக்குப் பேசாலைப் பக்கம் குழம்பினால் தென்பக்கம் தாழ்வுபாட்டில் தண்ணீர் அடங்கியிருக்கும், சோளகத்துக்கு அப்படியே மறுபக்கம். மச்சானின் தீவில் இருக்கிற கணக்கேதான், இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை புரட்டிப் போட வேண்டும், அவ்வளவுதான். நேரம் இருந்தால் திரும்பும்போது அரிப்புக்கும் போகலாம். முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்கென்று ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் இடிபாடு கடல் அரித்த மேட்டின் விளிம்பில் நிற்கிறது. சனம் அதை அல்லிராணி கோட்டை என்கிறது. விளிம்புக்குப் போய் செல்பி எடுக்க வேண்டாம், மண் உதிர்கிற இடம்.

உடுப்பு மாற்றுகிற வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வானுக்குள் மணல் கொட்டுவது எனக்கு. கிழக்குக் கரையில் ஒரு தங்குமிடத்தில் "குளிக்க நல்ல தண்ணீர் இருக்கு" என்று தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். திறந்தால் கடல் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் உப்புக் குறைவு, சவர்க்காரம் நுரைக்கவே இல்லை, கூட வந்த அக்கா தலைமுடியை வைத்துக்கொண்டு புதுக்குடியிருப்பு வரை திட்டிக்கொண்டே வந்தார். காசு கொடுக்க முதல் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நான் செய்வதுபோல இரண்டு கான் கிணற்றுத் தண்ணீரை வானில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

டிசம்பரில் எங்கள் பக்கமிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் வவுனியாவைச் சுற்றத் தேவையில்லை, மாங்குளத்தால் விட்டு மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம் போய் ஏ32 வீதியில் ஏறினால் கிட்ட. மழை பலமாக இருந்தால் முதல் நாளே பாதையை விசாரித்துக்கொள்ளுங்கள், குளங்கள் நிரம்பி வழிந்தால் சில இடத்தில் தண்ணீர் வீதிக்கு மேலால் போகும். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முதல் தாழ்வுபாட்டில் நிற்கலாம்.