விக்கித்தரவும் வடாற்காட்டுக் கோயில்களும்: மாவட்டம் என்கிற தலைவலி

குடியாத்தம் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "நம்ம பக்கத்துக் கோயில், கல்வெட்டு எல்லாம் எக்செல்ல போட்டு வச்சிருக்கேன் சார். விக்கித்தரவுல ஏத்திடலாமா? நீங்கதான் ரொம்ப நாளா அதுல இருக்கீங்க." விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு, யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய தரவுக் களஞ்சியம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். இணைப்புத் தரவு (ஒன்றோடொன்று கோத்து வைத்த தரவு) என்றால் என்ன, க்யூ எண் (ஒவ்வொரு உருப்படிக்கும் விக்கித்தரவு தருகிற அடையாள எண்) எதற்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை விரிக்காமல் விட்டுவிடுகிறேன்.

என்னை இதில் கட்டிப்போட்டது மகேந்திரவாடிக் குடைவரை. அங்குள்ள வடமொழிச் செய்யுளில் குணபரன், அதாவது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், பாறையைக் குடைந்து மகேந்திர விஷ்ணுகிருகம் எடுத்தது சொல்லப்படுகிறது. இடம் மகேந்திரபுரம், மகேந்திர தடாகத்தின் கரை. ஒரே செய்யுளில் அரசன், ஊர், ஏரி, கோயில் நாலும் வந்துவிடுகின்றன. எக்செல்லில் இதையெல்லாம் 'குறிப்பு' என்ற ஒரே கட்டத்தில் திணித்து வைத்திருந்தேன். விக்கித்தரவில் நாலும் தனித்தனி உருப்படி. ஏரியிலிருந்து அரசனுக்குப் போகலாம். அரசனிடமிருந்து மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம் என்று அவன் குடைவித்த மற்ற கோயில்களுக்குப் போகலாம். ஒரு வினவல் (தரவிடம் கேட்கிற கேள்வி) எழுதினால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். மேல்பாடி சோழேச்சரம் கோயிலுக்கு 'அரிஞ்சிகை ஈச்சரம்' என்று மாற்றுப் பெயர் கொடுத்துவிட்டால், கல்வெட்டுப் பெயரைத் தேடி வருகிறவரும் சரியான இடத்துக்கு வந்து சேருவார். இந்த வசதிக்கு ஈடு இல்லை.

அப்புறம்தான் தலைவலி. மகேந்திரவாடி எந்த மாவட்டம்?

பழைய கல்வெட்டுப் பதிப்புகளுக்கு அது வடாற்காடு. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர், மறுபாதி வடாற்காடு அம்பேத்கர். இந்த மறுபாதி பின்னால் வேலூர் ஆனது. 2019இல் வேலூரும் மூன்றானது. மகேந்திரவாடி இப்போது ராணிப்பேட்டை. பாறை அங்கேயேதான் இருக்கிறது.

விக்கித்தரவில் இதற்கு முறை உண்டு, நன்றாக யோசித்த முறை. பழைய மாவட்டத்தை அழிக்கக் கூடாது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி போட்டு அப்படியே வைத்துக்கொண்டு, புதியதைச் சேர்த்து அதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். ஆனால் வருகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. வேலூரை எடுத்துவிட்டு ராணிப்பேட்டை என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பழையது பக்க வரலாற்றில் இருக்கும்தான், வினவலுக்கு அது தெரியாது. நான் திரும்பப் போடுவேன், வேறு யாராவது வந்து திரும்ப எடுப்பார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் சுருக்கமான வினவல் முன்னுரிமை பெற்ற விடையை மட்டும்தான் தரும். வேலூர் என்று கேட்டால் மகேந்திரவாடி வராது. காலத்தோடு கேட்க வேண்டுமென்றால் நீளமாகத்தான் எழுத வேண்டும், அதை ஒரு வரலாற்று மாணவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது நகல். தரவு முழுக்க சிசி-ஜீரோ உரிமத்தில் இருக்கிறது, யாரும் கேட்காமல் எடுக்கலாம். அது நியாயம், அதற்காகத்தான் நானும் உழைக்கிறேன். ஆனால் ஒரு சுற்றுலாத் தளம் எப்போதோ ஒருமுறை எடுத்துக்கொண்டு போய்விட்டது. க்யூ எண்ணைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இங்கே என்ன திருத்தினாலும் அங்கே மகேந்திரவாடி இன்னும் வேலூர் மாவட்டம்தான். சொல்லி எழுதினேன், பதில் இல்லை. இணைப்பை அறுத்துவிட்டால் அப்புறம் அது என்ன இணைப்புத் தரவு? வெறும் பட்டியல்.

நண்பருக்கு 'ஏத்துங்க' என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு வரவில்லை. மொத்தமாக ஏற்ற வேண்டாம் சார். மேல்பாடி, திருவல்லம் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கல்வெட்டுகளும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில் இருக்கின்றன. ஒவ்வொரு கூற்றுக்கும் அங்கிருந்து சான்று கொடுத்து, மாவட்டத்துக்குத் தேதி போட்டு ஏற்றிப் பாருங்கள். எக்செல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் க்யூ எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள். ஓபன்ரிஃபைன் என்ற தரவு சீராக்கும் மென்பொருளில் போட்டால் பெயர்களைப் பொருத்திப் பார்த்து அதுவே எண்ணைக் காட்டும். சந்தேகமாக இருப்பதை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.