கையேடு நன்று, தொலைபேசிச் சேவை மோசம்

அமெரிக்காவில் எங்கள் அலுவலகத்தின் 401(கே) எனும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகளைப் பராமரிக்கும் சேவை இது. எங்கள் கிளை நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லை, தாய் நிறுவனம் இருக்கிறது. என் கணக்கிலுள்ள அதன் பங்குகளை வேறு முதலீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று தொலைபேசியில் கேட்டேன். “கிடையாது” என்றார்கள், யோசிக்காமலே!

கையேடோ சரியாகச் சொல்கிறது. பொதுவாக, ஒரே குழுமத்தில் ஏதாவதொரு நிறுவனத்தின் பங்கு சந்தையில் வர்த்தகமானாலே 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளியின் பங்கிலிருந்து வேறு முதலீட்டுக்கு மாற்றப் பணிக்காலம் தடையில்லை; நிறுவனம் போட்ட பங்கை மாற்ற 3 ஆண்டுப் பணி வரை காக்க வைக்கலாம். மாற்று முதலீடுகளும் குறைந்தது மூன்று தர வேண்டும்.

இணையதளத்தில் மாற்றுவது எளிது. கையேட்டுக்கு ஐந்தில் நான்கு, தொலைபேசிக்கு ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு.