பழைய மடிக்கணினிக்கு எது: விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்டா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததும், கல்லடி வீட்டிலிருந்த இரண்டு மடிக்கணினிகளையும் மாற்றினேன்.

தங்கச்சியுடையது புதியது, விண்டோஸ் 11 போட்டோம். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருந்ததால் முதல் நாள் முழுக்க அவள் கை இடது மூலைக்கே போனது. டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் மாற்றியதும் சரி.

அப்பாவின் பழையதில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, அதனால் விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போட்டோம். காசில்லை, 4 ஜிபி ராமிலேயே நன்றாக ஓடுகிறது. ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த அவரது பழைய கடிதங்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்து! பயந்துபோனார். பாமினி எழுத்துருவை நிறுவியதும் தமிழ் அப்படியே திரும்பி வந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் மின்டைத்தான் சொல்வேன். அந்த எழுத்துருவை மட்டும் முதலிலேயே பென்ட்ரைவில் எடுத்து வையுங்கள்.