கூஸ்கோ மலைத்தடங்களில் அரைநாள் குதிரைச் சவாரி

பெரு நாட்டின் கூஸ்கோ நகரமே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதற்கும் மேலுள்ள இன்கா இடிபாடுகளை மூச்சு வாங்காமல் காண விரும்புவோருக்கு இந்தச் சவாரி ஏற்றது. சக்ஸாய்வாமான் கோட்டைக்கு அருகே தொடங்கும் தடம், யூகலிப்டஸ் தோப்புகளையும் புல்வெளிகளையும் கடந்து, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த கென்கோ என்னும் இன்கா வழிபாட்டிடத்தின் வழியாக நிலாக் கோயிலை அடைகிறது. குதிரைகள் உருவத்தில் சிறியவை, சாதுவானவை. ஆயினும் சரிவில் இறங்கும்போது உடலைப் பின்னுக்குச் சாய்த்து அமர வேண்டும் என்பதை வழிகாட்டி முதலிலேயே சொல்லியிருக்கலாம். தலைக்கவசமோ கேட்ட பிறகே கிடைத்தது. இது பொறுத்துக்கொள்ளத்தக்க குறையன்று. கென்கோவுக்குள் நுழைவதற்கான சுற்றுலாச் சீட்டு சவாரிக் கட்டணத்தில் அடங்காது. வந்திறங்கிய அன்றே போகாமல், உயரத்துக்கு உடல் பழகிய பின், மழை குறைந்த மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் காலை வேளையில் செல்வது நல்லது.